சைலன்சருக்குள்ளே ஒரு தேன்கூடு!
வெல்டிங் பட்டறை பக்கம் போகாமலே கேட்கான் மாத்தலாம் வாங்க...

காலையில் ஒன்பது மணி. இன்டர்னல்ஸுக்கு லேட். அப்பாவோட பழைய காரை 'இன்னிக்கு ஒருநாள் ப்ளீஸ்ப்பா'ன்னு கெஞ்சி வாங்கிட்டு வந்து, சாவியைத் திருப்பறீங்க. டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல ஒரு குட்டி இன்ஜின் படம், உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுது. 'சரி, போகப் போக அணைஞ்சிடும்'னு ஓட்டறீங்க. மேம்பாலம் ஏறும்போது வண்டி முக்குது, முனகுது. பின்னாடி வந்த ஷேர் ஆட்டோகூட உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. அவமானம்!

சாயங்காலம் மெக்கானிக் கிட்டே போனா, ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு ரெண்டே வரியில் தீர்ப்பு. ''கேட்கான் போச்சு தம்பி. புதுசு மாத்தணும். பட்ஜெட் இல்லேன்னா அறுத்துத் தூக்கிட்டு வெறும் பைப்பை வெல்டு பண்ணிடலாம், வண்டி பறக்கும்!''

இந்த இடத்துல நீங்க என்ன செய்வீங்க? தலையாட்டறதுக்கு முன்னாடி, ஒரு பத்து நிமிஷம் இந்தக் கட்டுரையைப் படிங்க. ஏன்னா, இதே கேள்வியில் தப்பா தலையாட்டி, அப்பாவோட காசைக் கரியாக்கின அனுபவம் எனக்கு இருக்கு. அதைப் பிற்பாடு சொல்றேன்.

யாருங்க இந்த கேட்கான்?

முழுப் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். மெக்கானிக் பாஷையில் செல்லமா கேட்கான். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், வயிறு உப்பின மலைப்பாம்பு மாதிரி ஒரு இரும்பு டப்பா தெரியுதா? அதுதான். உள்ளே இருக்கறது ஒரு பீங்கான் தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 ஓட்டைகள்! அந்த ஓட்டைகளோட சுவர் முழுக்க பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மூணு உலோகங்களைப் பூசியிருப்பாங்க. மொத்தமே சில கிராம்தான் இருக்கும். ஆனா, விலை? 2021-ல் ரோடியம் அவுன்ஸுக்கு 20,000 டாலரைத் தாண்டிப் போச்சு. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ராத்திரியோட ராத்திரியா காருக்கு அடியில் படுத்து கேட்கானை மட்டும் அறுத்துட்டுப் போகிற திருட்டு, தலைவலியாவே ஆச்சு.

டப்பாவோட வேலை என்ன? இன்ஜின்ல இருந்து வர்ற புகையில் மூணு வில்லன்கள். மூச்சை நிறுத்தற கார்பன் மோனாக்சைடு, முழுசா எரியாத பெட்ரோல், நுரையீரலை அரிக்கற நைட்ரஜன் ஆக்சைடு. முதல் ரெண்டையும் எரிச்சு கார்பன் டைஆக்சைடாகவும் தண்ணீர் ஆவியாகவும் மாத்திடும். மூணாவதைப் பிரிச்சு, நாம சுவாசிக்கிற காத்துல ஏற்கெனவே இருக்கற சாதாரண நைட்ரஜனா அனுப்பிடும். ஒரே டப்பாவில் மூணு வேலை. அதனாலதான் இதுக்கு 'த்ரீ வே' கன்வெர்ட்டர்னு பேரு.

ஆனா, ஐயா சூடானாத்தான் வேலை செய்வார். சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் வந்தாத்தான் கண்ணைத் திறப்பார். அதோட, இன்ஜினுக்குள் போகிற காத்தும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்கிற கணக்குல இருக்கணும். அந்தக் கணக்கைக் கவனிக்கத்தான் கேட்கானுக்கு முன்னாடி ஒரு ஆக்ஸிஜன் சென்சார். கேட்கான் ஒழுங்கா வேலை செய்யுதான்னு வேவு பார்க்கப் பின்னாடி இன்னொண்ணு.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

அமெரிக்காவில் குடியேறின யூஜீன் ஹவுட்ரி என்கிற பிரெஞ்சு இன்ஜினீயர்தான் 1950-களிலேயே இந்த ஐடியாவைப் பிடிச்சவர். ஆனா, அன்னிக்குப் பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்துச்சு. ஈயம் பட்டா கேட்கான் காலி! அதனால ஐடியா அப்படியே தூங்கிடுச்சு. 1970-ல் அமெரிக்கா கடுமையான காற்றுத் தூய்மைச் சட்டம் கொண்டு வந்த பிறகுதான் வேகம் பிடிச்சது. 1975-ம் வருட மாடல் கார்கள்ல கேட்கான் வந்து உட்கார்ந்தது. மூணு வில்லன்களையும் ஒரே டப்பாவில் அடக்கற வித்தையை 1970-களில் செஞ்சு காட்டினது, எங்கல்ஹார்டு நிறுவனத்தின் ஜான் மூனி, கார்ல் கீத் டீம்.

நம்ம ஊருக்கு? 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்கள்லயும் விற்கிற புது பெட்ரோல் கார்களுக்கு கேட்கான் கட்டாயம்னு சொன்னாங்க. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் பங்குகளுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் இந்தியா முழுக்கவே ஈயப் பெட்ரோலுக்கு டாட்டா! உலகத்தில் கடைசியா அல்ஜீரியா 2021-ல் நிறுத்துச்சு. ஆக, கேட்கான் உள்ளே வந்ததால் ஈயம் வெளியே போச்சு. நீங்களும் நானும் சின்ன வயசுல ஈயப்புகை இல்லாத காத்தைச் சுவாசிச்சதுக்கு இந்த டப்பாவும் ஒரு காரணம். கொஞ்சம் மரியாதை கொடுங்க!

குற்றவாளி இவன்தானா?

இப்போ என் சோகக் கதை. ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கும்போது அப்பாவோட செகண்ட் ஹேண்ட் கார்ல இதே மஞ்சள் லைட். ஸ்கேனர்ல 'பி0420'ன்னு ஒரு கோடு. 'கேட்கான் சரியா வேலை செய்யலை' என்று அர்த்தம். ஷெட்ல இருந்தவரும் அதையே சொன்னார். எனக்கோ படிச்ச திமிர். 'லேபர் சார்ஜ் எதுக்குப்பா, நானே மாத்தறேன்'னு புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை பூரா உருண்டு புரண்டு மாட்டினேன். லைட் அணைஞ்சது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு ஃபீலிங்!

நாலே மாசம். அதே லைட். அதே கோடு.

அப்புறம்தான் தெரிஞ்சது, கேட்கான் தானா சாகலை. அதைக் கொன்னுருக்காங்க. ஒரு சிலிண்டரோட இக்னிஷன் காயில் அரைகுறையா வேலை செஞ்சிருக்கு. அந்த சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் நேரா கேட்கானுக்குள் போய், அங்கே எரிஞ்சிருக்கு. தேன்கூடு உருகிப்போய் வெல்லப்பாகு மாதிரி ஆயிருந்தது. நான் காயிலைப் பார்க்காம டப்பாவை மட்டும் மாத்தினதால, புதுசும் அதே வழியில் மேலே போய்ச் சேர்ந்துடுச்சு. அப்பா திட்டவே இல்லை. ''அடுத்த மாசம் பார்க்கலாம்ப்பா''ன்னு மட்டும் சொல்லிட்டு பஸ்ல ஆபீஸ் போக ஆரம்பிச்சார். அந்த மாசம் முழுக்க எனக்குச் சோறு இறங்கலை.

அதனால முதல் பாடம். கேட்கானை மாத்தறதுக்கு முன்னாடி, கொன்னது யாருன்னு கண்டுபிடிங்க. சந்தேக லிஸ்ட் இதோ...

* மிஸ்ஸிங்: பிளக், காயில், இன்ஜெக்டர் மூணையும் செக் பண்ணுங்க. செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினா, அது 'உடனே நிறுத்து'ன்னு அர்த்தம். அந்த நிமிஷமே கேட்கான் வெந்துட்டு இருக்கு.

* ஆயில் குடிக்கிற இன்ஜின்: நீலப் புகை வருதா? ஆயில்ல இருக்கற பாஸ்பரஸ் தேன்கூட்டு மேல படலமா படிஞ்சு மூடிடும்.

* கூலன்ட் கசிவு: ரேடியேட்டர் தண்ணி காரணமே இல்லாம குறையுதுன்னா, அது இன்ஜின் வழியா கேட்கானுக்குப் போயிட்டிருக்கலாம்.

* கலப்படப் பெட்ரோல்: மண்ணெண்ணெய் கலந்தா இன்ஜினுக்கும் கேடு, கேட்கானுக்கும் கேடு.

* தள்ளு மாடல்: பேட்டரி வீக்குன்னு நண்பர்களைக் கூட்டித் தள்ளி ஸ்டார்ட் பண்றீங்களா? எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போக அது ஒரு நல்ல வழி. ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

சில சமயம் கேட்கான் நிரபராதியாகவும் இருக்கும்! சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பைப்பில் சின்ன ஓட்டை இருந்தாலோ, பின் சென்சாரே கெட்டுப் போயிருந்தாலோ இதே 'பி0420' வரும். நிச்சயம் பண்ண மூணு வழி இருக்கு. ஒண்ணு, வண்டி ஆறின பிறகு ரப்பர் சுத்தியால் டப்பாவை லேசா தட்டுங்க. உள்ளே கலகலன்னு சத்தம் கேட்டா தேன்கூடு உடைஞ்சிருக்கு. ரெண்டு, முன் சென்சாரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை 2,500 ஆர்.பி.எம்-ல் வெச்சுப் பாருங்க. அழுத்தம் 3 பி.எஸ்.ஐ-க்கு மேல் போனா அடைப்புன்னு எடுத்துக்கலாம். மூணு, முன்னாடி பின்னாடி ரெண்டு சென்சார்களோட கிராஃபையும் ஸ்கேனர்ல பாருங்க. முன்னாடி இருக்கறது துள்ளிக் குதிக்கணும், பின்னாடி இருக்கறது சமர்த்தா நேர்கோட்டில் போகணும். ரெண்டும் ஒரே மாதிரி துள்ளினா கேட்கான் காலி.

வெல்டிங் இல்லாமல் முடியுமா?

முடியும். ஆனா எல்லா வண்டியிலும் முடியாது. டார்ச்சோட குனிஞ்சு பாருங்க. உங்க கார் இந்த மூணுல ஒண்ணா இருக்கும்.

ஒண்ணு, போல்ட் டைப். டப்பாவோட ரெண்டு பக்கமும் பட்டையான ஃபிளாஞ்ச், ரெண்டு அல்லது மூணு போல்ட், நடுவில் கேஸ்கட். கழட்டு, மாட்டு, முடிஞ்சது. நம்ம கட்டுரையோட ஹீரோ இவர்தான்.

ரெண்டு, பைப்போட சேர்த்து வெல்டு பண்ணியிருக்கற டைப். இதைக்கூட வெல்டிங் இல்லாம மாத்தலாம். பழசை ஹேக்ஸா பிளேடால் அறுத்துட்டு, புது டப்பாவோட பைப்பை ஒண்ணுக்குள் ஒண்ணு சொருகி, கிளாம்ப் போட்டு இறுக்கற முறை. ரெண்டு பைப்பும் குறைஞ்சது 4, 5 சென்டிமீட்டர் ஒண்ணுக்குள் ஒண்ணு ஏறியிருக்கணும். 'யு' கிளாம்ப்பை விட அகலமான பட்டை கிளாம்ப் பெட்டர். 'யு' கிளாம்ப் பைப்பை நசுக்கிடும், அடுத்த தடவை கழட்டவே முடியாது. இங்கே முக்கியமான விஷயம் அளவு. மூணு தடவை அளந்துட்டு ஒரே தடவை அறுங்க. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். பக்கத்திலேயே பெட்ரோல் லைன் போகும். ஒரு பொறி பறந்தா கதை கந்தல்.

மூணு, இன்ஜினோட ஒட்டி, மேனிஃபோல்டும் கேட்கானும் ஒண்ணா இருக்கற டைப். பல புது கார்கள்ல இப்படித்தான். இதுவும் போல்ட்தான், வெல்டிங் தேவையில்லை. ஆனா, துருப்பிடிச்ச ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே உடைஞ்சுட்டா செலவு எங்கேயோ போயிடும். முதல் முறை கை வைக்கிறவங்க இதைத் தொடாதீங்க. நல்ல மெக்கானிக் கிட்டே விடறது கோழைத்தனம் இல்லை, புத்திசாலித்தனம்.

வாரன்ட்டி பாக்கி இருந்தா, எந்த டைப்பா இருந்தாலும் நேரா சர்வீஸ் சென்டருக்குப் போங்க. டீசல் வண்டிக்காரங்க மன்னிக்கணும். உங்க சமாசாரமே வேற, இந்தக் கட்டுரை பெட்ரோல் கார்களுக்கு மட்டும்.

உயிர் முக்கியம் பாஸ்!

இதைத் தாண்டிப் போயிடாதீங்க. வெல்டிங் இல்லாத வேலைதான், ஆனா ஆபத்து இல்லாத வேலை இல்லை. ஒரு டன் எடைக்குக் கீழே மல்லாக்கப் படுக்கப் போறீங்க.

டிக்கியில் இருக்கற ஜாக்கி, ஸ்டெப்னி மாத்தறதுக்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட்டீங்கன்னா, அது தற்கொலை முயற்சி. செங்கல், ஹாலோபிளாக் எல்லாம் அடுக்கவே கூடாது. அது நொறுங்கும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. சரியான எடை தாங்கற ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வேணும். விலைக்கு வாங்க முடியலேன்னா தெரிஞ்ச ஷெட்ல ஒருநாள் கடன் கேளுங்க. தரை சமமான சிமென்ட் தரையா இருக்கணும். மண்ணு, சரிவு, கூடவே கூடாது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியர்ல போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மரக்கட்டை வைங்க. முன்பக்கத்தைத் தூக்கி, மேனுவல்ல சொல்லியிருக்கற இடத்தில் மட்டும் ஸ்டாண்டை நிறுத்துங்க. இறக்கி உட்கார வெச்ச பிறகு, வண்டியை நல்லா பலமா ஆட்டிப் பாருங்க. ஆடினா, நீங்க வெளியே நிக்கும்போதே ஆடட்டும்!

ஓடி வந்த வண்டியை உடனே தொடாதீங்க. ராத்திரி நிறுத்தி, காலையில் ஆரம்பிங்க. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ், மூக்குக்கு மாஸ்க். மேலே இருந்து கொட்டற துரு கண்ணுல விழுந்தா ஆஸ்பத்திரிதான். தேன்கூட்டைச் சுத்தி இருக்கற பஞ்சு மாதிரியான நாரையும் சுவாசிக்கக்கூடாது. தனியா செய்யாதீங்க. ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க. டீ வாங்கிக் கொடுக்க மட்டும் இல்லை, ஒரு அவசரம்னா குரல் கேட்கற தூரத்தில் ஒரு ஆள் வேணும்.

கையில் என்ன வேணும்?

ரிங் ஸ்பானர், சாக்கெட் செட். பெரும்பாலும் 12, 14, 17 மி.மீ. தேவைப்படும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு 22 மி.மீ. ஒயர் போறதுக்குப் பிளவு உள்ள தனி சாக்கெட் இருக்கு, அது கிடைச்சா சொர்க்கம். துரு கழட்டற ஸ்பிரே, கம்பி பிரஷ், நீளமான கைப்பிடி, புது கேஸ்கட், புது போல்ட்-நட்டு. இந்தக் கடைசி ரெண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டா, மறுபடியும் கழட்ட வேண்டியிருக்கும்.

புது கேட்கான் வாங்கும்போது பார்ட் நம்பரை வண்டியோட ஒப்பிடுங்க. சந்தையில் மலிவா ஒண்ணு கிடைக்கும். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே வெறும் கம்பி வலையோ, காலி டப்பாவோ! ஒரு முனையில் டார்ச் அடிச்சுப் பாருங்க. சின்னச் சின்ன ஓட்டையா தேன்கூடு தெரியணும். பில் இல்லாம வாங்காதீங்க. இந்த பார்ட்டைப் பொறுத்தவரை பில் இல்லைன்னா, அது யாரோ ஒருத்தர் கார்ல இருந்து களவு போனதாகவும் இருக்கலாம்.

ஆட்டம் ஆரம்பம்!

1. முந்தின நாள் ராத்திரியே, வண்டி ஆறின பிறகு எல்லா போல்ட்டுக்கும் ஸ்பிரே அடிச்சு விடுங்க. சென்சார் மரை மேலயும் அடிக்கலாம். காலையில் இன்னொரு ரவுண்டு. பாதி வேலை இந்த ஸ்பிரேவே செஞ்சிடும்.

2. பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டுங்க.

3. புது டப்பாவைப் பழசுக்குக் கீழே தரையில் வெச்சு ஒப்பிடுங்க. நீளம், ஃபிளாஞ்ச் ஓட்டைகளோட இடைவெளி, சென்சார் ஓட்டை எத்தனை, எந்தப் பக்கம் பார்க்குது? பழசைக் கழட்டின பிறகு 'அய்யய்யோ, பொருந்தலையே'ன்னு அலறக்கூடாது. அப்போ கடைக்குப் போகக்கூட கார் இருக்காது!

4. சென்சாரோட பிளக்கைப் பிரிச்சு, சென்சாரைக் கழட்டுங்க. ஒயரை முறுக்க விடாதீங்க. கீழே போட்டா சென்சார் அவுட். ஒரு சுத்தமான துணியில் சுத்தி ஓரமா வைங்க.

5. கழட்டும்போது சைலன்சரோட எடை முழுக்கத் தொங்காம, அடியில் ஒரு மரக்கட்டையோ இன்னொரு ஜாக்கியோ முட்டு கொடுங்க. பின் பக்க போல்ட்டை முதல்லயும், முன் பக்கத்தைப் பிறகும் கழட்டுங்க. வரமாட்டேன்னு அடம்பிடிச்சா, ஒரு இம்மி அளவு இறுக்கிட்டு அப்புறம் தளர்த்துங்க. துரு உடையும். அப்பவும் முரண்டு பிடிச்சா, ஊடால போற சாதா போல்ட்டுன்னா ஹேக்ஸாவால் அறுத்துடலாம், அதான் புதுசு வாங்கி வெச்சிருக்கீங்களே. கேஸ் பர்னரால் சூடு காட்டற வேலை மட்டும் வேண்டாம்.

6. ரப்பர் மாட்டிகளை எடுக்கச் சோப்புத் தண்ணி தடவுங்க, வழுக்கிட்டு வந்துடும். டப்பாவை மெதுவா இறக்குங்க. நினைச்சதை விடக் கனமா இருக்கும்.

7. ரெண்டு பக்க ஃபிளாஞ்சையும் கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு, பழைய கேஸ்கட் துணுக்கு ஒண்ணுவிடாம எடுங்க. சிலிகான் பேஸ்ட் எதையும் தடவாதீங்க. சிலிகான் ஆவி பட்டா ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப் போகும்.

8. புது டப்பா மேல அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின்ல இருந்து பின்பக்கம் நோக்கிப் பார்க்கணும். தலைகீழா மாட்டிட்டுத் தலையில் அடிச்சுக்கிட்டவங்க நிறைய!

9. எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலேயே திருகி நிறுத்துங்க. ரப்பர் மாட்டியை மாட்டி, டப்பா எங்கேயும் இடிக்காம நேரா தொங்குதான்னு பாருங்க. அப்புறம் முன்பக்கத்தில் இருந்து ஆரம்பிச்சு, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரே போல்ட்டை ஒரேயடியா இறுக்கினா கேஸ்கட் கோணலா உட்காரும், கசியும். எவ்வளவு இறுக்கணும்னு மேனுவல்ல இருக்கும். டார்க் ரெஞ்ச் இருந்தா அதையே ஃபாலோ பண்ணுங்க.

10. சென்சாரைத் திருப்பி மாட்டும்போது மரையில் மட்டும் கொஞ்சம் ஆன்ட்டி-சீஸ் தடவலாம். நுனியில் படவே கூடாது. ஒயர் பைப்பைத் தொடாம பழைய கிளிப்பிலேயே போகணும். கடைசியா, ஹீட் ஷீல்டு தகட்டைக் கட்டாயம் மாட்டுங்க. 'கடகடன்னு ஆடுது'ன்னு அதைத் தூக்கி எறியறவங்க நிறைய. கேட்கான் சூட்டுக்கும் உங்க கார் தரைக்கும் நடுவில் இருக்கற ஒரே பாதுகாப்பு அதுதான்!

ஸ்டார்ட் மியூசிக்!

வண்டியை இறக்கி, பேட்டரியை மாட்டி, வெட்டவெளியில் ஸ்டார்ட் பண்ணுங்க. மூடின ஷெட்டுக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதல் சில நிமிஷம் லேசா புகையும் தீய்ஞ்ச வாசனையும் வரும். பயப்படாதீங்க, அது புது டப்பா மேல இருக்கற எண்ணெயும் உங்க கைரேகையும் எரியறதுதான்.

இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி இணைப்புகள் மேல சோப்புத் தண்ணி ஸ்பிரே பண்ணுங்க. குமிழ் வந்தா கசிவு. 'ஃபட் ஃபட்'னு சத்தம் கேட்டாலும் அதேதான். ஆற விட்டு, மறுபடி இறுக்குங்க. ஸ்கேனரால் பழைய கோடை அழிச்சுட்டு, சிட்டியிலும் ஹைவேயிலும் சில நாள் கலந்து ஓட்டுங்க. கம்ப்யூட்டர் தன்னோட பரீட்சையை நடத்தி ரிசல்ட் சொல்ல அவ்வளவு டைம் ஆகும். ஒரு 100 கிலோமீட்டர் ஓடின பிறகு, வண்டி ஆறினதும் போல்ட் எல்லாத்தையும் ஒருமுறை செக் பண்ணிடுங்க.

பழைய டப்பாவைக் காயலாங்கடையில் பழைய இரும்பு விலைக்குப் போட்டுடாதீங்க. உள்ளே இருக்கறது பிளாட்டினம் குடும்பம்! பார்ட்ஸ் கடையில் எக்ஸ்சேஞ்ச் உண்டான்னு கேளுங்க. நல்ல இடத்துக்குப் போனா அந்த உலோகத்தைப் பிரிச்செடுத்து மறுபடியும் பயன்படுத்துவாங்க.

'வெறும் பைப்' ஐடியா எப்படி?

'மச்சி, கேட்கானைத் தூக்கிட்டா பிக்கப் எகிறும், சவுண்டு சும்மா அதிரும்'னு ஒரு நண்பர் எல்லா ஹாஸ்டல்லயும் இருப்பார். அடைச்சுப் போன கேட்கானைத் தூக்கினா பிக்கப் வரத்தான் செய்யும். மூக்கை அடைச்ச சளி போனா மூச்சு வர்ற மாதிரி! அதுக்கு மூக்கையே வெட்டணுமா? நல்ல கேட்கான் இருக்கும்போதும் அதே பிக்கப் கிடைக்கும்.

சட்டப்படியும் சிக்கல்தான். பி.எஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. கேட்கான் இல்லாம அந்தப் புகைப் பரீட்சையில் நேர்மையா பாஸாகறது குதிரைக்கொம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகை விதியை மீறினா 10,000 ரூபாய் வரை அபராதம். 'அதெல்லாம் சர்டிபிகேட் வாங்கிடலாம் மச்சி'ன்னு அதே நண்பர் கண்ணடிப்பார். வாங்கிடலாம்தான். ஆனா, உங்க காருக்குப் பின்னாடி சிக்னல்ல நிக்கறது யாரு? ஸ்கூட்டியில் அம்மாவோட உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போற அஞ்சாங்கிளாஸ் பாப்பா. அவ மூக்கு, உங்க சைலன்சர் உயரத்தில் இருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. சர்டிபிகேட் அவளுக்குக் காத்தைச் சுத்தம் பண்ணித் தராது.

போற வழிக்குப் புளியோதரை: சில டிப்ஸ்

* ஊர்ப்பக்கம் ரோட்டுல வைக்கோல், எள்ளுச்செடி காயப் போட்டிருப்பாங்க. அது மேல ஓட்டிட்டுப் போனா அடியில் சுத்திக்கும். கொதிக்கற கேட்கானில் பட்டா தீப்பிடிக்கும். ஒதுங்கிப் போங்க. காய்ஞ்ச புல் மேல பார்க் பண்ணவும் வேண்டாம்.

* அழுகின முட்டை வாசனை தொடர்ந்து வந்தா அலட்சியம் வேண்டாம். பெட்ரோல் அதிகமா போகுது, அல்லது கேட்கான் திணறுது.

* ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுச்சுன்னா குனிஞ்சு பாருங்க. பீங்கான் தேன்கூடு, ஒரே அடியில் உடையும்.

* வெள்ளத்தில் ஓட்டாதீங்க. கொதிச்சுட்டு இருக்கற டப்பா திடீர்னு தண்ணியில் முங்கினா விரிசல் விடலாம்.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். ரெண்டாவது தடவை முதல்ல காயிலை மாத்தினேன். பிளக் நாலையும் மாத்தினேன். ஒரு வாரம் ஓட்டி மிஸ்ஸிங் இல்லைன்னு உறுதி பண்ணினேன். அப்புறம்தான் கேட்கான் மேல கை வெச்சேன். இந்த முறை காசு என் முதல் சம்பளத்துல இருந்து. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுத்துட்டே இருந்தார். சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்தேன். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, ''பாலத்துல நல்லா ஏறுதுப்பா''ன்னார். வேற எதுவும் சொல்லலை. மறுநாள் காலையில் அவர் பஸ்ஸுக்குப் போகலை.

உங்க வீட்டு மஞ்சள் லைட்டும் சீக்கிரம் அணையட்டும். ஆனா, முதல்ல குனிஞ்சு பாருங்க, அப்புறம் கண்டுபிடிங்க, அதுக்கு அப்புறம் ஸ்பானரை எடுங்க. ஆல் தி பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்!